கடலரிப்பு: சுவர் எழுப்புவதா, மணலைக் காப்பதா, மக்களை இடம் மாற்றுவதா?

ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டத்தில் வங்கக் கடலையொட்டி பெந்தா, சதபயா என்ற இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டும் பல ஆண்டுகளாகக் கடலரிப்புக்கு உள்ளானவை. பெந்தாவில் 505 மீட்டர் நீளத்துக்கு நவீன தடுப்புக் கரை அமைக்கப்பட்டது. 2016-ல் பணி முடிந்தபின், அதற்குப் பின்னால் உள்ள கிராமங்களின் மக்கள் தங்கள் ஊரிலேயே வாழ்கின்றனர். சதபயாவுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. அங்கிருந்த 571 குடும்பங்கள், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாகபாட்டியா என்ற மறுவாழ்வுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன.

ஒரே மாவட்டத்தின் இந்த இரு ஊர்கள், கடலரிப்பு விஷயத்தில் அரசுகள் எதிர்கொள்ளும் கேள்வியை எளிதாகப் புரியவைக்கின்றன. எந்தக் கரையைத் தடுப்பு அமைத்துக் காப்பது, எந்தக் கரையை மணல் கொண்டு மீட்பது, எந்தக் கரையிலிருந்து மக்களை அழைத்துச் செல்வது என்பதே அந்தக் கேள்வி. இதற்காக மத்திய, மாநில அரசுகள் மேற்கொண்டுள்ள நடவடிக்கைகள் என்ன, அவை எவ்வாறு செயல்படுகின்றன என்பதைப் பார்ப்போம்.

எவ்வளவு கரை அரிக்கப்படுகிறது?

மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வுகளையும் கொண்டு நாட்டின் பிரதான நிலப்பரப்பின் கடற்கரையை ஆராய்ந்தது. ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட 6,907.18 கிலோமீட்டர் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதும், 26.9 சதவீதத்தில் மணல் படிந்து கரை வளர்ந்திருப்பதும், 39.6 சதவீதம் பெரிய மாற்றமின்றி இருப்பதும் தெரியவந்தது.

மாநிலவாரியாகப் பார்த்தால் வேறுபாடு அதிகம். மேற்கு வங்கத்தில் 60.5 சதவீதக் கரையும், புதுச்சேரியில் 56.2 சதவீதமும், கேரளத்தில் 46.4 சதவீதமும், தமிழ்நாட்டில் 42.7 சதவீதமும் அரிக்கப்பட்டுள்ளன. நீண்ட கடற்கரை கொண்ட குஜராத்தில் இது 27.6 சதவீதம், ஆந்திரப் பிரதேசத்தில் 28.7 சதவீதம், கோவாவில் 19.2 சதவீதம்.

ஒடிசாவின் நிலை கவனிக்கத்தக்கது. அம்மாநிலக் கடற்கரையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வளர்ந்துள்ளது; அரிக்கப்பட்டது 25.6 சதவீதம் மட்டுமே. ஆயினும் கிராமங்களைக் கடல் கொண்டதும் அதே மாநிலத்தில்தான். மாநில அளவிலான சராசரி, ஒரு குறிப்பிட்ட ஊரின் ஆபத்தைக் காட்டுவதில்லை என்பதற்கு இது சான்று.

கடலில் சேரும் மணல் எங்கே போகிறது?

கடலரிப்பு என்பது அலையின் சீற்றத்தால் மட்டும் நேர்வதன்று. கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதும்போது, மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே அதிகம்.

ஆகவே ஒவ்வொரு கடற்கரைக்கும் ஒரு வரவு செலவு உண்டு. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், பக்கத்துக் கரையிலிருந்து வரும் மணலும் வரவு. அலைகளும் நீரோட்டமும் எடுத்துச் செல்வது செலவு. வரவு குறைந்தால் கரை பின்வாங்கும்.

வரவு குறைவதற்கு மனிதச் செயல்பாடுகள் முக்கியக் காரணம். ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைகள் வண்டலைத் தேக்கிக்கொள்வதால் கிருஷ்ணா, கோதாவரி போன்ற ஆறுகளின் கழிமுகங்களுக்கு வந்துசேரும் மண்ணின் அளவு குறைந்துள்ளது. ஆற்றுமணல் அள்ளப்படுவதும் இதே விளைவைத் தருகிறது. துறைமுகங்களுக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் அலைத்தடுப்புச் சுவர்கள், நகரும் மணலை வழியிலேயே நிறுத்திவிடுகின்றன. அதனால் சுவரின் ஒரு பக்கம் மணல் குவிகிறது. மறுபக்கம் கரை அரிக்கப்படுகிறது.

இவற்றுடன் கடல்மட்ட உயர்வும் சேர்ந்துகொள்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் நீர்மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்ந்தது. 1993 முதல் 2015 வரையிலான காலத்தில் இந்த வேகம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டராக அதிகரித்ததாகப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பருவநிலை மதிப்பீட்டு அறிக்கை கூறுகிறது.

பொறுப்பு யாருடையது?

கடலரிப்புத் தடுப்புப் பணிகளைத் திட்டமிட்டுச் செயல்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பாகும். மத்திய அரசு தொழில்நுட்ப ஆலோசனையும், குறிப்பிட்ட திட்டங்களின் கீழ் நிதியுதவியும் வழங்குகிறது. இதற்கான அமைப்பு புதிதன்று. 1966-லேயே கடற்கரை அரிப்பு வாரியம் அமைக்கப்பட்டது. அது 1995-ல் கடலோரப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு ஆலோசனைக் குழுவாக மாற்றியமைக்கப்பட்டது.

ஜல் சக்தி அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய நீர் ஆணையம், கடலோர மேலாண்மைத் தகவல் அமைப்பை உருவாக்கியுள்ளது. அலை, நீரோட்டம், கடலடி மட்டம், மணல் நகர்வு போன்ற தரவுகள் இதன் மூலம் திரட்டப்படுகின்றன. தொடக்கமாகக் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றில் தலா ஓரிடத்தில் இதற்கான கண்காணிப்புத் தளங்கள் அமைக்கப்பட்டன. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம், நாட்டின் கடற்கரை முழுமைக்கும் பாதிப்புக் குறியீட்டு வரைபடங்களைத் தயாரித்துள்ளது. கடலோரப் பாதுகாப்புக்கான தேசிய உத்தியையும் மாநிலங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளையும் சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம் வகுத்துள்ளது.

இத்தனை அமைப்புகள் இருந்தும், களத்தில் மக்கள் முதலில் கேட்பதும் அரசுகள் முதலில் செய்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். அது கற்சுவர்.

சுவர் தரும் பாதுகாப்பும் அதன் விலையும்

வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது கற்சுவரே விரைவில் கிடைக்கும் பாதுகாப்பு. கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தின் செல்லானம் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2017-ல் ஒக்கி புயலின்போதும், 2021-ல் டவ்தே புயலின்போதும் இந்த மீனவக் கிராமத்தின் வீடுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. அதன்பின், நான்கு கால்கள் கொண்ட டெட்ராபாட் எனப்படும் கான்கிரீட் தொகுதிகளை அடுக்கி, சுமார் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் அமைக்கப்பட்டது. இதற்கான திட்ட மதிப்பீடு 344 கோடி ரூபாய். சுவர் எழுந்த பகுதியில் மழைக்காலத்தில் வீடுகளுக்குள் கடல் புகுவது பெருமளவு நின்றது. சுவர் எட்டாத கண்ணமாலி உள்ளிட்ட வடபகுதி மக்கள், தங்கள் பகுதிக்கும் அதை நீட்டிக்க வேண்டும் என்று கோரிப் போராடினர்.

சுவரின் இயல்பே இந்தக் கோரிக்கைக்குப் பின்னணி. அலையின் ஆற்றலைச் சுவர் முழுவதுமாக உள்வாங்குவதில்லை. ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் சுவரின் அடியில் மணல் அரிக்கப்பட்டு, கற்கள் சரிகின்றன. சுவர் முடியும் இடத்தில் அரிப்பு கூடுகிறது. சுவருக்கு முன்னால் இருந்த மணற்பரப்பும் காலப்போக்கில் மறைவதால், படகுகளை ஏற்றவும் வலைகளை உலர்த்தவும் மீனவர்களுக்கு இடமில்லாமல் போகிறது.

செலவும் சிறிதன்று. செல்லானம் திட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 கோடி ரூபாய் ஆகிறது. நாட்டில் அரிக்கப்படும் கடற்கரை சுமார் 2,320 கிலோமீட்டர். அது அனைத்துக்கும் இதே வகைச் சுவர் எழுப்புவதாகக் கணக்கிட்டால், செலவு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். அரிக்கப்படும் கரை முழுவதும் குடியிருப்புகள் இல்லை என்பதும், எல்லா இடங்களுக்கும் ஒரே வகைச் சுவர் பொருந்தாது என்பதும் உண்மையே. எனினும், சுவரை மட்டும் நம்பி நாட்டின் கடற்கரையைக் காக்க இயலாது என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

புதுச்சேரியில் திரும்பிய மணல்

சுவருக்கு மாற்று என்ன என்பதற்குப் புதுச்சேரி ஒரு விடை அளித்துள்ளது. 1980-களின் பிற்பகுதியில் அங்கு துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்த மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. வடக்கே உள்ள நகரக் கடற்கரை மணலின்றிப் போனது. சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. நகரின் கரை கற்களால் காக்கப்பட்டபோது, அரிப்பு அதற்கும் வடக்கே, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்ட மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. நிர்வாக எல்லையை மணலும் அரிப்பும் அறிவதில்லை என்பது இங்கு வெளிப்படையாகத் தெரிந்தது.

புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. நீருக்குள் இருக்கும் இந்தத் திட்டு, அலைகளின் வேகத்தைக் கரைக்கு முன்பே தணிக்கிறது. அமைதியான அந்த நீர்ப்பரப்பில் மணல் தங்குகிறது. துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரி எடுக்கப்பட்ட மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகள் கற்களாக மட்டுமே காட்சியளித்த இடத்தில் மீண்டும் மணற்பரப்பு உருவானது. செங்கல்பட்டு மாவட்டம் கடலூர் பெரியகுப்பத்திலும் இந்நிறுவனம் நீருக்குள் தடுப்பு அமைத்து இதேபோன்ற முயற்சியை மேற்கொண்டது.

இந்த முறைக்கும் நிபந்தனை உண்டு. துறைமுகத்தில் தேங்கும் மணலைத் தொடர்ந்து எடுத்து மறுபக்கம் சேர்க்க வேண்டும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் தூர்வாரல் மணல் ராமகிருஷ்ணா கடற்கரைக்கு அனுப்பப்படுவது இந்த அடிப்படையில்தான். ஒருமுறை கட்டி முடித்துவிட்டு மறந்துவிடக்கூடிய பணி அல்ல இது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பராமரிப்பு.

பெந்தாவில் அமைக்கப்பட்ட தடுப்பும் வழக்கமான கற்சுவரிலிருந்து மாறுபட்டது. உலக வங்கி உதவியுடன் குஜராத், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2010-ல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் ஒரு பகுதியாக, சென்னை ஐஐடி இதை வடிவமைத்தது. வலுவான செயற்கை இழைத் துணியால் ஆன பெரிய குழாய்களில் மணல் கலந்த நீரை அழுத்தி நிரப்பி, அவற்றை அடுக்கி, மேலே கற்கள் நிரப்பிய வலைப்பெட்டிகளால் மூடுவது இதன் தொழில்நுட்பம்.

காடும் சட்டமும்

கரையைக் காப்பதில் அலையாத்திக் காடுகளுக்குத் தனி இடம் உண்டு. அவற்றின் வேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. மரங்கள் அலையின் ஆற்றலைக் குறைக்கின்றன. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலின்போது, அலையாத்திக் காடுகளின் மறைவில் இருந்த கிராமங்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததைக் கேந்திரபாரா மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வு கண்டறிந்தது.

2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட மிஷ்டி திட்டம், 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் ஐந்து ஆண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையாத்திக் காடுகளை வளர்ப்பதையும் மீட்பதையும் இலக்காகக் கொண்டுள்ளது. நாட்டில் தற்போதுள்ள அலையாத்திக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர். ஆனால் இக்காடுகள் கழிமுகங்களிலும் சேற்று நிலங்களிலும்தான் வளரும். அலைகள் நேரடியாக மோதும் திறந்த மணற்கரைகளில் இவை தீர்வாகா.

கரைக்கு மிக அருகில் புதிய கட்டுமானங்கள் எழாமல் தடுப்பது சட்டத்தின் பணி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-ல் முதன்முதலாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியிடப்பட்டது. பின்னர் 2011-லும் 2019-லும் புதிய அறிவிக்கைகள் வந்தன. 2011 அறிவிக்கையின்படி ஊரகக் கடலோரப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்ட மண்டலமாக இருந்தது. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற ஊரகப் பகுதிகளில் 200 மீட்டர் தொடர்கிறது.

கடலோர மக்களின் வீட்டுத் தேவைக்கும் சுற்றுலாவுக்கும் இந்தத் தளர்வு உதவும் என்பது அதற்கு ஆதரவான வாதம். அரிப்பு அதிகமுள்ள கரைகளில் இது மேலும் பலரை ஆபத்துக்கு அருகில் கொண்டுசெல்லும் என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் வாதம். கடல்மட்ட உயர்வையும் கரை மாற்றத்தையும் கணக்கிட்டு வரையப்பட்ட அபாயக் கோடு, பேரிடர் மேலாண்மைத் திட்டமிடலுக்கான கருவியாகவே இந்த அறிவிக்கையில் இடம்பெற்றுள்ளது.

நிதி எங்கிருந்து வருகிறது?

வெள்ள மேலாண்மை மற்றும் எல்லைப் பகுதிகள் திட்டத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு 4,100 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் அளித்தது. பெரும்பகுதி வெள்ளத் தடுப்புக்கானது என்றாலும், கடலரிப்புத் தடுப்புப் பணிகளும் இதில் அடங்கும்.

15-வது நிதிக்குழுவின் பரிந்துரை மேலும் முக்கியமானது. 2021-26 காலத்துக்கு, அரிப்பைத் தடுக்கும் பணிகளுக்காகத் தேசிய பேரிடர் தணிப்பு நிதியின் கீழ் 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுகுடியமர்வுக்காகத் தேசிய பேரிடர் மீட்பு நிதியின் கீழ் 1,000 கோடி ரூபாயும் அது பரிந்துரைத்தது. இவை கடலரிப்புக்கும் ஆற்றங்கரை அரிப்புக்கும் பொதுவானவை. செல்லானம் சுவரின் செலவோடு ஒப்பிட்டால், தடுப்புக்கான முழுத் தொகையும் சுமார் 32 கிலோமீட்டர் சுவருக்கே போதுமானது. எனினும், அரிப்பால் வீடிழப்போருக்கெனத் தனி ஒதுக்கீடு பரிந்துரைக்கப்பட்டது ஒரு முக்கிய மாற்றம்.

காரணம், புயல், வெள்ளம், சுனாமி போன்றவை பேரிடர் நிவாரணத்துக்கான தேசியப் பட்டியலில் உள்ளன; கடலரிப்பு அதில் இல்லை. புயலில் ஒரே இரவில் இடியும் வீட்டுக்கு நிவாரண விதிமுறை உண்டு. பத்து ஆண்டுகளில் அங்குலம் அங்குலமாகக் கடலுக்குள் போகும் வீட்டுக்கு அத்தகைய தெளிவான விதிமுறை இல்லை. இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கில், அரிப்பால் பாதிக்கப்படுவோரின் மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையைத் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் தயாரித்தது.

ஊரை இடம் மாற்றும்போது

கேரள அரசு இவ்வகையில் ஒரு விரிவான முயற்சியை மேற்கொண்டுள்ளது. உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் 18,685 குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. அவர்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்ற 2,450 கோடி ரூபாய் மதிப்பில் புனர்கேகம் திட்டம் அறிவிக்கப்பட்டது. இடம் வாங்கி வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் கடலோரத்தில் நிலத்தின் விலை அதிகம். கடலிலிருந்து தொலைவில் குடியேறும் மீனவருக்குப் படகையும் வலையையும் பார்த்துக்கொள்வதும், அதிகாலையில் கடலுக்குச் செல்வதும் கடினம்.

சதபயாவின் அனுபவமும் இதையே கூறுகிறது. ஏழு கிராமங்களைக் கொண்டிருந்த அந்தப் பகுதியில் ஐந்து கிராமங்களை ஏற்கெனவே கடல் கொண்டுவிட்டது. மீதமிருந்த மக்கள் பாகபாட்டியாவுக்குச் சென்றபின், 2018 ஏப்ரலில் அவர்களது பஞ்சுபராகி கோயிலின் ஐந்து தெய்வச் சிலைகளும் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மீனவச் சமுதாயத்தைச் சேர்ந்த திருமணமான பெண்களே பூசை செய்யும் கோயில் அது. சிலைகளை ஆண்கள் தொடுவதில்லை என்பது தலைமுறைகளாகத் தொடர்ந்த வழக்கம். ஒவ்வொன்றும் ஒன்றரை டன் எடையுள்ளதாகக் கூறப்படும் அச்சிலைகளைத் தூக்க, அந்த ஒருமுறை ஆண்களை அனுமதித்தனர்.

புதிய இடத்தில் வீட்டுமனையும் கோயிலும் அமைந்தன. ஆனால் கடலில் மூழ்கிய விளைநிலத்துக்கு ஈடாக உழுவதற்கு நிலமோ, நிலையான பிழைப்போ இல்லை என்பது அங்கு குடியேறியவர்கள் தொடர்ந்து முன்வைக்கும் குறை. குடியிருப்பிலிருந்து பலர் வேலை தேடி வெளிமாநிலங்களுக்குச் செல்கின்றனர்.

அடுத்து என்ன?

அரசுகளின் நடவடிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. அரித்த இடத்தில் கல் கொட்டுவது என்ற நிலையிலிருந்து, மணலின் நகர்வை அளந்து, கரையின் முழு நீளத்தையும் ஒன்றாகக் கருதித் திட்டமிடுவது என்ற நிலைக்குக் கொள்கை அளவில் நாடு நகர்ந்துள்ளது. இது நடைமுறைக்கு வர மூன்று பணிகள் அவசியம். புதிய துறைமுகங்களுக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் அனுமதி அளிக்கும்போதே, அவற்றால் தடைபடும் மணலை மறுபக்கம் சேர்க்கும் பொறுப்பையும் செலவையும் உறுதிசெய்ய வேண்டும். ஒரே மணல் நகர்வுப் பாதையில் உள்ள மாநிலங்கள் தனித்தனியாக அன்றி, சேர்ந்து திட்டமிட வேண்டும். காக்க இயலாத கரைகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு, வீடு இடிவதற்கு முன்பே, தொழிலுக்கும் வழிசெய்து மக்களை இடம் மாற்ற வேண்டும்.

பெந்தாவின் 505 மீட்டர் தடுப்பு, பின்னால் உள்ள ஊர்களுக்குக் கால அவகாசம் பெற்றுத் தந்துள்ளது. சதபயாவில் ஐந்து கிராமங்கள் மூழ்கிய பின்னரே மறுகுடியமர்வு நடந்தது. எந்தக் கரை பெந்தாவாகும், எந்தக் கரை சதபயாவாகும் என்பதை ஓரளவுக்கு முன்கூட்டியே கூறும் வரைபடங்களும் தரவுகளும் இப்போது நாட்டிடம் உள்ளன. அவற்றைக் கொண்டு முடிவெடுக்கும் வேகமே, கரையில் வாழும் குடும்பங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.